காத்திருப்பு நோட்டு

அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஊர்ச் சபையிலிருந்து வந்தது. நான் நடத்துகிற குழந்தைகள் காப்பகம் இருக்கிற கட்டடத்தைத் தொடர்ந்து எங்களுக்கே விடுவதா, இல்லை சரக்கு லாரிக் கம்பெனிக்குக் கிடங்காகக் கொடுப்பதா என்று ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிவு செய்யப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை மூடியாயிற்றாம், ஊரில் குழந்தைகள் குறைந்துகொண்டே வருகிறார்களாம். வரும் நாட்களில் காப்பகத்துக்குக் குழந்தைகள் வருவார்கள் என்பதற்கு ஆதாரம் கொடு என்று கேட்டிருந்தார்கள்.

காப்பகம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் மணல் கொட்டிய ஒரு முற்றம். இருபத்தாறு குழந்தைகள். யாரும் இதில் லாபம் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. கட்டடம் சபையுடையது. கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளமும் சபைதான் கொடுக்கிறது. அவர்கள் கையை விரித்தால் மறுநாளே கதவைச் சாத்திவிட்டு நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான் உட்காருவேன், பரவாயில்லை. சரக்கைப் பொதி கட்டும் கூடத்துக்கு விடிகாலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளையை எங்கே விடுவார்கள்? ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் வேறு காப்பகம் கிடையாது.

ஆதாரம் என்று கேட்டவுடன் எனக்கு அலமாரியில் இருந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தைகள் அறையில் நாலு குழந்தைக்கு ஒரு ஆள் என்பது சட்டம். ஐந்தாவது குழந்தை வந்துவிட்டால் இரண்டாவது ஆள் வேண்டும், அந்த ஆளை முன்கூட்டியே ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அதனால் எப்போது யார் வருவார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்று காத்திருப்போர் நோட்டு ஒன்று போட்டேன். முதலில் வயிறு தள்ளியபின் வந்து எழுதினார்கள். இடம் இல்லை என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியபின் நாலாம் மாதமே வந்தார்கள். பிறகு மூன்றாம் மாதம். இப்போதெல்லாம் தெரிந்த வாரமே வந்துவிடுகிறார்கள். மாமியாருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, சில வீடுகளில் புருஷனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். எல்லோருக்கும் சொல்லும் நாள் வரும்போது நான் வாயைப் பிளந்து, "அட, அப்படியா!" என்று ஆச்சரியப்பட வேண்டும். இத்தனை வருஷத்தில் நன்றாகவே நடிக்கக் கற்றுக்கொண்டேன்.

நோட்டுக்கு ஒரே விதி. என்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. அலமாரிச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

மார்ச் மாதம் வந்து எழுதியவர்களில் மருந்துக்கடை மருமகளும் ஒருத்தி. கட்டுத்துணி கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வந்தாள். எங்களுக்கு மருந்துப் பெட்டிச் சாமான் எல்லாம் அவள் மாமனார் கடையிலிருந்துதான் வரும். சாமானை வைத்தபின்னும் போகாமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்காமலேயே அலமாரியைத் திறந்தேன்.

அவள் பெயர் நோட்டில் ஏற்கெனவே இரண்டு முறை இருக்கிறது. இரண்டு முறையும் நான்தான் கோடு போட்டு அடித்தேன். முதல் தடவை ஊருக்கே தெரியும். அது கலைந்து இல்லை என்றானபோது ஊரே வந்து அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனது. இரண்டாவது தடவை சேதி வீட்டோடு, கடையோடு நின்றது என்று நினைத்தார்கள், ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இருமல் மருந்தோடு ஒரு ஆறுதலும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"நவம்பர்னு சொன்னாங்க, அக்கா. அவருக்குத் தெரியும். அடுத்தது நீங்கதான்."

"அத்தை மாமாவுக்கு?"

"வேண்டாம். இப்ப வேண்டாம். எழுதிக்குங்க, ஆனா..."

"இது என்னைத் தாண்டிப் போகாது," என்றேன். சாவியைத் தொட்டுக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பளாரென்று ஒன்று போடலாம் போலிருக்கிறது.

சபைக் கடிதத்தில், பெயர்கள் தேவையில்லை, ஆனால் தாய்மார்கள் வேலைக்குப் போகிறவர்களா என்பது தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சரி என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். மடியில் ஒரு குழந்தை, ஒரு கையில் பால் புட்டி, இன்னொரு கையில் பேனா. பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு என்ன வேலை, எந்த மாதம் என்று மட்டும் எழுதினேன். ரொட்டிக்கடை, ஆகஸ்ட். தபால், செப்டம்பர். பேருந்து ஓட்டுநர், அக்டோபர். பொதி கட்டும் கூடம், மூன்று பேர். இப்படிப் பதினொரு வரி. எழுதி முடித்தபோது என் கண்ணில் பட்டதெல்லாம் பதினொன்று என்ற எண்ணிக்கைதான். இந்தப் பதினொரு குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகும்வரை எங்களிடம் இருக்கும். கிடங்குக்காரன் எங்கே போய் முட்டிக்கொள்வான் பார்ப்போம் என்று இருந்தது.

ஒன்பது உறுப்பினர்களுக்கு ஒன்பது பிரதி. உறையில் போட்டு ஒட்டி, வியாழக்கிழமை காலை எட்டரைக்கு என் தம்பியிடம் கொடுத்தேன். சபை அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவனுக்கு. "கூட்டத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் போய்ச் சேரணும்டா," என்று வேறு இரண்டு தடவை சொன்னேன்.

மதியம் குழந்தைகள் தூங்கும் நேரம். தரையில் வரிசையாகப் பாய், வரிசையாகப் பிள்ளைகள். எங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் உட்காரக் கிடைக்கும். குட்டி டீச்சர் என் மேஜை ஓரத்தில் தேநீரை வைத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். குட்டி டீச்சர் என்றால் குட்டியாக இருப்பாள் என்று நினைக்கக் கூடாது. நிலைப்படியில் குனிந்துதான் வருவாள், வயசு நாற்பத்தைந்து. சேர்ந்தபோது எல்லோரிலும் இளையவள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"இது அந்தப் பட்டியலா? பேர் இல்லாததா?"

"பேர் ஒண்ணுகூட இல்ல. தாராளமாப் பாரு."

பார்த்தாள். தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, ரொட்டிக்கடை அக்காவுக்கா? மூணாவதா!"

"ஏய், உனக்கு எப்படி..."

"நம்ம ஊர்ல எத்தன ரொட்டிக்கடை இருக்கு? தபாலக்கா செப்டம்பர். அதான் சைக்கிளத் தள்ளிக்கிட்டே போறாங்களா! பஸ் ஓட்டற பொண்ணு... அக்கா, அதுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலையே. டிப்போ மேனேஜர் சபையிலதானே இருக்காரு?"

இந்த ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கே காப்பகத்தக்கா என்பதுதான் பெயர். தபாலக்காவின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவள் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார். பெயரை எடுத்துவிட்டுத் தொழிலை எழுதினேன் என்றால், இந்த ஊரில் அதுதானே பெயர்! கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஊர் கூப்பிடுகிற பெயரையே அழகான கையெழுத்தில் ஒன்பது பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

குட்டி டீச்சர் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். விரலை மட்டும் அந்த வரியில் வைத்து என்னைப் பார்த்தாள். மருந்துக்கடை, நவம்பர்.

மருந்துக்கடைக்காரர்தான் சபைத் தலைவர்.

மணி ஒன்று நாற்பது. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து ஒரு குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. "பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பு மாற்றிப் போட்டிருந்தேன் என்பது தபால் நிலையத்தைத் தாண்டியபின்தான் தெரிந்தது. தபாலக்கா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சபை அலுவலகத்தில் தம்பி முத்திரை மையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரில் உறுப்பினர்களுக்கான மரப்பெட்டி, ஆளுக்கொன்றாக ஒன்பது சிறு அறை. என் உறைகள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

"அந்த உறையெல்லாம் திருப்பிக் குடுடா."

"அதெப்படி? பதிவு பண்ணியாச்சு."

"பதிவ அழி."

"பேனாவால எழுதினது, அக்கா. சபைக்கு வந்த காகிதம் சபையோடது. நீ வேணும்னா கூட்டத்துல எழுந்திரிச்சு..."

"சின்ன வயசுல நீ பண்ணின வேலையெல்லாம் அப்பாகிட்ட நான் சொன்னேனா? இப்ப உன் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் விளையாடவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மையைத் துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நான் தண்ணி குடிச்சிட்டு வரேன். நான் எதையும் பாக்கல," என்று பின்பக்கம் போனான். நான் அந்த அறைகளில் கையை விட்டு உறைகளை ஒவ்வொன்றாக உருவினேன். எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். மேல் வரிசையில் முதல் அறை காலியாக இருந்தது.

"டேய்! தலைவரோடது எங்கே?"

"அவரு பதினோரு மணிக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே," என்றான் உள்ளேயிருந்து. "தலைவராச்சே, எப்பவும் முன்னாடியே படிச்சிட்டுத்தான் வருவாரு."

அங்கிருந்து மருந்துக்கடை நாலு தெரு. ஓட முடியவில்லை, நடந்தேன். கடைக்குள் போய் என்ன சொல்வது என்று நாலு தெருவும் யோசித்தேன். பக்கம் மாறிப்போய்விட்டது, சரியானதை மாற்றித் தருகிறேன். அதுதான் நல்ல பொய். உறையை இன்னும் பிரிக்காமல் இருந்தால் போதும். மதியம் அவர் கொஞ்ச நேரம் படுப்பார் என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கும் படுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

கடையில் மருமகள் தனியாக இருந்தாள். வாசலில் வந்திறங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"மெதுவா," என்றது என் வாய், தன்னால்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். இந்த உலகத்தில் அந்த 'மெதுவா'வைச் சொல்ல இரண்டு பேருக்குத்தான் உரிமை இருந்தது. "கனமில்ல அக்கா, பஞ்சுதான். என்ன, மூச்சு வாங்குது உங்களுக்கு? உக்காருங்க."

"மாமா இருக்காரா? ஒரு உறை... சபைக் காகிதம்..."

"மேல எடுத்துட்டுப் போயிட்டாரே. இன்னிக்குப் படுக்கக்கூட இல்ல. படிச்சிட்டு இருக்காரு போல, சத்தத்தையே காணோம். கூப்பிடட்டுமா?"

மாடிப்படி கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. நான் அந்தப் படியையே பார்த்தேன். கூப்பிடு என்றால் அவர் உறையும் கையுமாக இறங்கி வருவார், அவள் முன்னால் என்ன சொல்வார்? வேண்டாம் என்றால்? அப்போதாவது இவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த மரியாதையாவது செய்திருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

"வேண்டாம், கூட்டத்துல பாத்துக்கறேன்," என்றேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக் கூட்டத்துக்கு நாலரைக்கே போய் உட்கார்ந்தேன். எட்டு உறையும் என் பைக்குள் இருந்தன. நீள மேஜை, ஒன்பது நாற்காலி, எனக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. மருந்துக்கடைக்காரர் கடைசியாக வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். அவருடைய சட்டைப்பையில் என் வெள்ளை உறையின் ஓரம் தெரிந்தது. பிரிக்கப்பட்டிருந்தது.

இரும்புக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். கிடங்கு யோசனையே அவருடையது. "ஆதாரம் குடுக்கறேன்னாங்களே, எங்கே? என் பெட்டில ஒண்ணும் இல்லையே."

"என் பெட்டிலயும் இல்ல," என்றார் டிப்போ மேனேஜர்.

தம்பி தன் பேனா மூடியை மிகவும் கவனமாக ஆராய்ந்தான்.

நான் எழுந்தேன். "பட்டியல்ல ஒரு தப்பு இருந்துச்சு. நான்தான் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துக்கிட்டீங்களா? அப்போ நாங்க எதைப் பாத்து முடிவு பண்றது?"

"பதினொரு குழந்தைங்க. இந்த வருஷம் முடியறதுக்குள்ள. என் வார்த்தைய நம்புங்க."

"நம்பறோம்மா, உங்கள நம்பாம என்ன?" இரும்புக்கடைக்காரர் சிரித்தார். "ஆனா வார்த்தைய கோப்புல வெக்க முடியாதே. பட்டியல்ல என்ன தப்பு? ஆள் கொறஞ்சுபோச்சா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கை பைக்குள் போயிற்று. ஒரு உறையை எடுத்துப் போட்டால் இந்தச் சிரிப்பு நிற்கும். பஸ் ஓட்டுகிற பெண்ணின் மேனேஜர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பெண்கள், பாயில் தூங்கிய இருபத்தாறு பேர், எல்லோரும் கண்முன் வந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது துரோகம் செய்ய வேண்டியிருந்தது. உறையைப் பிடித்தேன், வெளியே எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தியானம் படிச்சேன். நாலஞ்சு தடவை படிச்சேன். பதினொண்ணும் நெசம்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் இருந்த உறையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ காட்டுங்க அண்ணே, எல்லாரும் பாக்கட்டும்."

"காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"எல்லாம் நம்ம ஊர்ப் பொண்ணுங்க சமாச்சாரம். அவங்க அவங்க வீட்ல அவங்களே சொல்லட்டும். இந்தத் தலைவன் பேச்சு மேல நம்பிக்கை இருக்கறவங்க கையத் தூக்குங்க. இல்லாதவங்க வேற தலைவனப் பாத்துக்குங்க."

போன மாதம்வரை கிடங்குக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர் அவர். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு கைகள் எழுந்தன. இரும்புக்கடைக்காரரும் இன்னொருவரும் தூக்கவில்லை. கட்டடமும் சம்பளமும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு எங்களுக்கே. தம்பி அதைப் பதிவேட்டில் எழுதினான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கிணற்றுக்குள் விழுந்தவளை மேலே தூக்கிப் போட்டதுபோல மூச்சுத்தான் வாங்கியது.

வெளியே படியில் அவர் எனக்காக நின்றார். உறையை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"நவம்பராம்மா?"

தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளா எப்போ சொல்றாளோ அப்போ சொல்லட்டும். நான் ஒண்ணும் காட்டிக்க மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை.

காட்டிக்க மாட்டேன் என்றவர் எப்படிக் காட்டாமல் இருப்பார் என்று அப்போதே எனக்குப் பயம்தான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு மாத்திரை அதிகமாகக் கொடுத்தால்கூட முகத்தில் தெரிந்துவிடும் மனுஷன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவள் வந்தாள். கையில் கட்டுத்துணி, மருந்து என்று எந்தச் சாக்கும் இல்லை. முற்றத்தில் பெரிய பிள்ளைகள் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைச் சுற்றிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலத்திலேருந்து மாமா என்னை ஒரு பெட்டியத் தொட விடல. ஏணிய எடுத்துக் கொல்லையில போட்டுட்டாரு. காலைல கடை திறந்தா கல்லாவுக்குப் பின்னாடி மெத்தை வெச்ச நாற்காலி. ஏன் மாமான்னா, 'சும்மாதாம்மா, எனக்கு முதுகு வலிக்குது'ங்கறாரு. அவருக்கு முதுகு வலிச்சா எனக்கு எதுக்கு நாற்காலி? அத்தை அந்த நாற்காலியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, உள்ள போய் அழ ஆரம்பிச்சிட்டாங்க." அவள் மேஜைமேல் கையை ஊன்றினாள். "நீங்க சொன்னீங்களா, அக்கா?"

பொய் தயாராக இருந்தது. நீ படி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்கும், அதில் கண்டுபிடித்திருப்பார், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாததா. நம்பக்கூடச் செய்வாள்.

"வாயால சொல்லல. எழுதிக் குடுத்துட்டேன்," என்றேன். பட்டியலைச் சொன்னேன், உறையைச் சொன்னேன், நேற்று அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்லாமல் வந்ததையும் சொன்னேன். மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் எதிரே இருந்த குட்டி நாற்காலியில், மூன்று வயசுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில், மெதுவாக உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவையும் போனது பெரிசு இல்லக்கா. போனத ஒவ்வொருத்தருக்கா சொல்லணும் பாருங்க, அதான். வரவங்களுக்கெல்லாம் முதல்லேருந்து. இந்தத் தடவை யாருக்கும் தெரியலன்னா, ஏதாவது ஆச்சுன்னாலும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன்." மணலில் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்தாள். "இப்ப மாமா பேர்கூட யோசிக்க ஆரம்பிச்சிருப்பாரு."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழாதபோது நான் அழுவது அசிங்கம் என்று அடக்கிக்கொண்டேன். கழுத்திலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து நோட்டை அவள் முன்னால் வைத்தேன். நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் தன் வரியைக் கண்டுபிடித்தாள். பேனாவை வாங்கி, அதன் மேல் கை பிசகாமல் நேராக ஒரு கோடு இழுத்தாள். பழைய பக்கங்களில் அதே பெயர் மேல் என் கோடுகள் இரண்டு இருக்கின்றன, இது மூன்றாவது.

"இடம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நவம்பர்ல பொறந்தா பிப்ரவரிக்கு."

"அப்போ வெச்சிருங்க. எழுத வேண்டாம்." எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "பஸ் ஓட்டற பொண்ணுகிட்டயும் தபாலக்காகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வேற யார் சொல்லியும் அவங்க கேக்க வேண்டாம்."

சொன்னேன். அன்று சாயங்காலமே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். தபாலக்கா சிரித்தாள். ரொட்டிக்கடை அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ் ஓட்டுகிற பெண், "மேனேஜர் படிச்சாரா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று ஏழெட்டுத் தடவை சொன்னபின்னும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்?

திங்கட்கிழமை குட்டி டீச்சர் நோட்டைக் கேட்டாள். இனிமேல் அவளும் பார்க்கட்டும் என்று நானே சொல்லியிருந்தேன், பூட்டி வைத்து நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே. பிப்ரவரிக்குத் தொட்டில் எத்தனை, ஆள் எத்தனை என்று அந்த வாரமே சபைக்கு எழுதிக் கொடுத்தால்தான் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். இப்போதிருக்கிற கைக்குழந்தைகள் அதற்குள் பெரிய அறைக்குப் போய்விடும், பதினொன்றில் ஆறு பேர் பிள்ளைக்கு ஒரு வயசானபின்தான் விடுவார்கள். அவள் நின்றுகொண்டே விரலால் மிச்ச வரிகளை எண்ணினாள்.

"பிப்ரவரிக்கு நாலு. கைக்குழந்தை அறையில இப்ப இருக்கற பொண்ணு ஒருத்தி போதும். புதுசா யாரையும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியதில்ல."

"அஞ்சு," என்றேன்.

அவள் மறுபடி எண்ணினாள். அடித்திருந்த வரியில் அவள் விரல் நின்றது. ஐந்து என்றால் இன்னொரு ஆள், ஆறு மாதப் பயிற்சி, அதற்குப் பணம் எங்கிருந்து என்று எனக்கே தெரியாது. நவம்பரில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"நாலுதானே அக்கா இருக்கு?"

"அஞ்சுன்னு எழுது."

குட்டி டீச்சர் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள்.